தடுமாறிய படமும் தளராத தேடலும்

பத்தாம் வகுப்பு மாணவியர் குழுவின் சார்பில்

மனிதக் கண்ணின் இயல்பு விந்தையானது. அசையாத படங்களை அடுத்தடுத்து விரைந்து காட்டினால், அவை அசைவதாகவே அது ஏற்றுக் கொள்கிறது. இந்த இயல்பை நம்பித்தான் 1895-ஆம் ஆண்டு டிசம்பர் 28-ஆம் நாள் பாரிஸ் நகரில் லூமியேர் சகோதரர்கள் பொதுமக்களிடம் கட்டணம் பெற்றுத் திரைப்படம் காட்டினர். பேசும் படம் வந்த பின் விநாடிக்கு 24 படங்கள் என்பது திரையரங்குகளின் வழக்கமாயிற்று. நம் நாட்டுத் தொலைக்காட்சி விநாடிக்கு 25 படங்கள் என்னும் முறையை ஏற்றுக் கொண்டது.

அக்காலத்தில் படம் தடுமாறினால் அதன் காரணத்தைக் கண்ணாலேயே காணலாம். சுருள் கிழிந்திருக்கும், ஓரத் துளைகள் பற்சக்கரத்தில் சிக்கியிருக்கும், வெளிச்சம் தரும் கார்பன் குச்சி தேய்ந்திருக்கும். இக்காலத்திலோ படம் என்பது எண்களின் நீண்ட வரிசையே. அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்க்க இயலாது. அப்படியானால் தடுமாறும் படத்தின் நோயை எவ்வாறு கண்டறிவது? இவ்வினாவுக்கு நாங்கள் ஒன்பது நாட்களில் கற்றுக் கொண்ட விடையையே இங்குத் தருகிறோம்.

படத்தின் கதை

எம் பள்ளியின் ஆயாம்மாவை அறியாதவர் யார்? 35 ஆண்டுகள் காலையில் கதவைத் திறந்தவரும், ஒவ்வொரு பாடவேளைக்கும் மணி அடித்தவரும், மாலையில் கடைசிக் குழந்தையின் வீட்டார் வரும் வரை வாசலில் காத்திருந்தவரும் அவரே. இவ்வாண்டு அவர் பணியிலிருந்து விடை பெறுகிறார் என்று அறிந்ததும், எங்கள் வகுப்பு மாணவியர் எழுவர் சேர்ந்து அவரைப் பற்றி 24 நிமிடப் படம் ஒன்று எடுக்க விரும்பினோம். வாழ்த்து மடல் அச்சிட்டுக் கொடுக்கலாமே என்று சிலர் கூறினர். ஆயாம்மாவுக்கு எழுத்து தெரியாது. ஆகவே அவர் தாமே பார்த்து மகிழக் கூடிய பரிசாக அது இருக்க வேண்டும் என்று எண்ணினோம். தலைமையாசிரியை சகோதரி அவர்கள் இசைவு தந்தார்கள். ஆசிரியை ஒருவர் தம் கைப்பேசியைத் தந்து உதவினார்கள்.

மணிக்கூண்டின் கீழே உள்ள சிறிய அறையில் ஆயாம்மா பதினொரு நிமிடம் பேசினார். 26.12.2004 அன்று நடந்ததை அன்றுதான் அவர் வாய் திறந்து கூறினார். அது ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்துமஸ் விடுமுறை. கடல் ஊருக்குள் வந்துவிட்டது என்ற கூக்குரல் எழுந்தபோது, சாவிக் கொத்து அவரிடம் இருந்தது. யாருடைய உத்தரவுக்கும் காத்திராமல் மண்டபத்தையும் வகுப்பறைகளையும் திறந்து விட்டார். பின் மணிக் கயிற்றைப் பற்றிக் கொண்டு இடைவிடாமல் அடித்தார். ஓடி வருகிறவர்களுக்கு மேடான இடம் எந்தப் பக்கம் என்று அந்த ஓசை காட்டியது. பலர் வந்து சேர்ந்தனர். அவருடைய அக்காவின் மகள் மட்டும் வரவில்லை.

“நான் தேடிப் போகலை. கயித்தை விட்டா மத்தப் பிள்ளைங்க வழி தெரியாம போயிடுமேன்னு நின்னுட்டேன். அக்காகிட்ட இதை இன்னிக்கு வரைக்கும் சொன்னதில்லை” என்று ஆயாம்மா கூறியபோது எங்களில் ஒருவராலும் பேச முடியவில்லை.

பேசி முடித்த பின் அவர் ஒரு நிபந்தனை விதித்தார். “இதை முதல்ல அக்கா தனியா பார்க்கட்டும். நேர்ல சொல்ல எனக்கு வாய் வரலை. அவ சரின்னா ஊருக்குக் காட்டுங்க.” அக்கா எண்பது வயதைக் கடந்தவர். செவி அறவே கேளாது. பேசுகிறவரின் உதட்டசைவைப் பார்த்தே பொருள் அறிந்து கொள்வார். இதனைத் தோழியர் மறந்துவிடாமல் மேலே படிக்க வேண்டுகிறோம். ஏனெனில் பின்னர் நேர்ந்த இடர்ப்பாடுகளில் எதைப் பொறுக்கலாம், எதைப் பொறுக்கலாகாது என்பதை அந்த மூதாட்டியின் கண்களே முடிவு செய்தன.

ஆயாம்மாவின் பேச்சுடன், 1994-ஆம் ஆண்டு விழாவின் பழைய வீடியோ நாடாவிலிருந்து சில காட்சிகளையும், நாங்கள் வரைந்த ஓவியங்களையும் கோத்து எடிட்டிங் முடித்தோம். கடைசி வேலையாக, எல்லாவற்றையும் ஒரே கோப்பாக வெளிக் கொணர வேண்டும். இதனையே எக்ஸ்போர்ட் என்பர். ஆண்டு விழாவுக்கு ஒன்பது நாட்கள் இருந்தன. கோப்பும் வெளி வந்தது. அதனோடு தொல்லைகளும் வெளி வந்தன!

மூன்று வினாக்கள்

கணினி அறையில் படத்தை ஓட்டினோம். கண்ட இடத்திலெல்லாம் நின்று நின்று ஓடியது. மண்டபத்துப் பெரிய தொலைக்காட்சிக்குக் கொண்டு செல்லலாம் என்றால், 32 ஜிகாபைட் கொள்ளும் வெற்றுப் பென்டிரைவ் அந்தக் கோப்பை ஏற்க மறுத்தது. வேறொரு வழியில் கொண்டு சென்று ஓட்டியபோது பேச்சு மட்டும் கேட்டது. திரை இருண்டு கிடந்தது. பேச்சும் வர வரப் பிந்தியது.

எங்களுள் ஒருத்தி, எல்லாவற்றையும் அழித்துவிட்டு மீண்டும் முதலிலிருந்து எடிட்டிங் செய்வோம் என்றாள். மற்றொருத்தி மென்பொருளைக் குறை கூறினாள். அவ்வேளையில் கணினி அறையைப் பெருக்க வந்த ஆயாம்மா, எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “மணி சரியா கேட்கலைன்னா நான் மணியைத் திட்டுறதில்லை பாப்பா. முதல்ல கயித்தைப் பார்ப்பேன். அப்புறம் நாக்கைப் பார்ப்பேன். அப்புறம்தான் மணி” என்றார்.

பதறாத காரியம் சிதறாது என்பது பழமொழி. கணினி ஆசிரியை அவர்களின் துணையோடு, ஆயாம்மாவின் முறையையே நாங்கள் பின்பற்றினோம். ஒவ்வொரு கோளாற்றிடமும் மூன்று வினாக்களைக் கேட்டோம்.

ஒன்று: மீண்டும் ஓட்டினால், அதே விநாடியில் அதே கோளாறு வருகிறதா? அதே இடத்தில் வந்தால் அது பெரும்பாலும் கோப்பிலேயே பதிந்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் இடம் மாறினால், ஓட்டுகிற கருவி திணறுகிறது என்று கொள்ளலாம்.

இரண்டு: வேறொரு கருவியில் சரியாக ஓடுகிறதா? ஓடினால் கோப்புக்கு நோயில்லை. கோப்பின் மொழி முதற் கருவிக்குப் புரியவில்லை என்று பொருள்.

மூன்று: எடிட்டிங்குக்கு முன் இருந்த மூலப் பதிவில் அது தெரிகிறதா? தெரிந்தால் பதிவிலேயே உள்ள குறை. தெரியாவிட்டால் நடுவழியில் எங்கோ நுழைந்த குறை.

இவற்றோடு ஒரு விதியும் வகுத்துக் கொண்டோம். ஒரு சமயத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். மாற்றியதையும் விளைவையும் குறிப்பேட்டில் எழுத வேண்டும். மூன்று மருந்துகளை ஒன்றாகக் கொடுத்தால், எந்த மருந்தால் நோய் தீர்ந்தது என்று எவரால் கூற முடியும்?

இருண்ட திரை

முதலில் ஓட்டமும் திரையும். கணினி அறையில் தடங்கல் ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் வந்தது. ஆசிரியையின் புதிய மடிக்கணினியிலோ படம் தெளிந்த நீர் போல ஓடியது. ஆகவே முதலிரு வினாக்களும் ஒரே திசையைச் சுட்டின. மீடியாஇன்ஃபோ என்னும் இலவச மென்பொருளைக் கொண்டு கோப்பின் விவரத்தைப் பார்த்தோம்.

இங்கே ஒரு செய்தி. எம்பி4 என்று முடியும் கோப்புகள் எல்லாம் ஒன்றே என்று பலர் எண்ணுகின்றனர். எம்பி4 என்பது டிபன் கேரியர் போன்றது. கேரியர் ஒன்றே ஆயினும் உள்ளே இருப்பது சாம்பார் சாதமாகவும் இருக்கலாம், சப்பாத்தியாகவும் இருக்கலாம். உள்ளே படத்தைச் சுருக்கி வைக்கும் முறைக்குக் கோடெக் என்று பெயர். 2003-இல் வெளியான ஹெச்.264 என்னும் முறையை இன்றைய கருவிகளுள் மிகப் பெரும்பாலானவை அறியும். 2013-இல் வெளியான ஹெச்.265, அதே தரத்தை இன்னும் குறைந்த இடத்தில் அடக்க வல்லது. ஆனால் பழைய கருவிகள் பல அதை அறியா. எடிட்டிங் மென்பொருள் தானாகத் தேர்ந்து கொண்டது இந்த இரண்டாவது முறையை. மண்டபத்துத் தொலைக்காட்சிக்கு அது தெரியாத மொழி. ஆகவே திரை இருண்டது. கணினி அறையின் பழைய கணினி அதைத் தட்டுத் தடுமாறிப் படித்தது. ஆகவே ஓட்டம் நின்று நின்று வந்தது.

பென்டிரைவ் மறுத்ததற்கும் காரணம் இருந்தது. விநாடிக்கு 25 மெகாபிட் வீதம் எழுதப்பட்ட எங்கள் 24 நிமிடக் கோப்பின் எடை 4.5 ஜிகாபைட். அந்தப் பென்டிரைவ் ஃபேட்32 என்னும் முறையில் ஒழுங்கு செய்யப்பட்டிருந்தது. அம்முறையில், மொத்த இடம் எவ்வளவு இருப்பினும், தனிக் கோப்பு ஒன்று 4 ஜிகாபைட்டைத் தாண்டலாகாது. பெரிய அரிசி மூட்டையைச் சிறு வாயுள்ள பானையில் இறக்க முயல்வது போலத்தான்!

ஹெச்.264 முறைக்கு மாற்றி, 1920-க்கு 1080 என்ற அளவில், விநாடிக்கு 10 மெகாபிட் வீதம் எக்ஸ்போர்ட் செய்தோம். எடை 1.8 ஜிகாபைட் ஆயிற்று. தொலைக்காட்சித் திரை ஒளிர்ந்தது.

உதடு ஒரு பக்கம், ஒலி ஒரு பக்கம்

ஆயாம்மாவின் பேச்சுத் தொடக்கத்தில் உதடும் ஒலியும் ஒன்றாகவே சென்றன. பதினோராம் நிமிடத்தில் ஏறத்தாழ ஒரு விநாடி பிரிந்து நின்றன. எந்தக் கருவியில் ஓட்டினாலும் இதே நிலை. ஆனால் கைப்பேசியில் மூலப் பதிவை ஓட்டினால் ஒரு பிழையும் இல்லை. மீண்டும் மீடியாஇன்ஃபோவைக் கேட்டோம். பதிவின் பிரேம் வேகம் ‘மாறுவது’ என்று அது கூறியது.

ஒளி குறைந்த அறையில் கைப்பேசியின் கேமரா, வெளிச்சத்தைச் சேர்ப்பதற்காக ஒவ்வொரு படத்துக்கும் கூடுதல் நேரம் எடுத்துக் கொள்ளக் கூடும். அப்போது விநாடிக்கு 30 படங்கள் என்பது 28 ஆகும், 25-உம் ஆகும். கைப்பேசி அதை அறிந்து சரியாக ஓட்டிவிடுகிறது. எடிட்டிங் மென்பொருளோ எப்போதும் 30 என்று நம்பிக் கணக்கிட்டது. மணிக்கூண்டு அறையின் மங்கிய வெளிச்சம் எங்கள் படத்தின் கணக்கைக் குலைத்த விதம் இதுவே. ஹேண்ட்பிரேக் என்னும் இலவச மென்பொருள் மூலப் பதிவை மாறாத வேகத்துக்கு மாற்றித் தந்தது. அதை எடிட்டிங்கில் வைத்ததும் உதடும் ஒலியும் சேர்ந்துவிட்டன.

1994-ஆம் ஆண்டு நாடாவில் வேறு வகைக் குறை. இளம் வயது ஆயாம்மா மேடை ஓரத்தில் கை தட்டும் காட்சியில், கைகளின் விளிம்பு சீப்பின் பற்களைப் போலத் தெரிந்தது. அக்காலத் தொலைக்காட்சி முறையில் ஒவ்வொரு படமும் ஒற்றைப்படை வரிகள், இரட்டைப்படை வரிகள் என இரு பாதிகளாகப் பதிவாகும். ஆக, விநாடிக்கு 50 அரைப் படங்கள். இரு பாதிகளுக்கும் இடையே கை அசைந்துவிடுகிறது. இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துக் காட்டும் திரையில் பற்கள் தோன்றுகின்றன. டீஇன்டர்லேஸ் என்னும் வடிகட்டியால் அவற்றை நீக்கினோம்.

அந்த நாடாவில் விநாடிக்கு 25 படங்கள். ஆயாம்மாவின் பேச்சிலோ 30. படம் முழுவதற்கும் எதை வைப்பது? 30-ஐத் தேர்ந்தோம். அதனால் பழைய நாட்டியக் காட்சியில் சில படங்கள் இருமுறை வந்து சிறு குலுக்கல் தெரியும். அதைப் பொறுத்துக் கொள்ளலாம். உதட்டசைவில் ஒரு படம் கூட விடுபடலாகாது.

பச்சைக் கட்டங்கள்

எல்லாம் முடிந்தது என்று மகிழ்ந்து, கணினி அறையில் படத்தை முழுதும் பார்த்தோம். 14 நிமிடம் 20 விநாடியில் பச்சை நிறக் கட்டங்கள் தோன்றி, ஆயாம்மாவின் முகத்தின் கீழ்ப் பாதியை மூடிக் கொண்டன. நான்கு விநாடிக்குப் பின் தாமே மறைந்தன. அந்த நான்கு விநாடிகள் எவை தெரியுமா, தோழியரே? “நான் தேடிப் போகலை” என்று அவர் கூறுகிற இடம் அது.

பேச்சு தெளிவாகவே கேட்டது. ஆகவே அந்த இடத்தில் கடலின் ஓவியத்தை வைத்து மறைத்துவிடலாம் என்று ஒருத்தி கூறினாள். வழக்கமாகப் படம் எடுப்போர் கையாளும் முறைதான். எங்களுள் மற்றொருத்தி மெல்லச் சொன்னாள்: “அக்காவுக்குக் காது கேட்காதே.” ஓவியத்தால் மறைத்தால் அந்த மூதாட்டிக்கு அந்தச் சொற்களே இல்லாமற் போகும். ஆயாம்மாவை மீண்டும் பேசச் சொல்லலாமா? இருபது ஆண்டுகளுக்கு மேல் நெஞ்சில் கிடந்ததை ஒரு முறை எடுத்து வைத்தவரிடம், இன்னொரு முறை எடுத்துத் தாருங்கள் என்று கேட்க எங்களுக்கு மனம் வரவில்லை. தலைமையாசிரியை சகோதரியிடம் சென்றோம். “நேரம் போதாவிட்டால் பாட்டை வெட்டுங்கள், நாட்டியத்தை வெட்டுங்கள். அவர் சொன்னதை மட்டும் தொடாதீர்கள்” என்றார்கள்.

மூன்று வினாக்களைக் கேட்டோம். அதே விநாடியில் வருகிறதா? ஆம், ஒவ்வொரு முறையும். வேறு கருவியில்? அங்கும் அவ்வாறே, பாரிஸ் அருகே எகோல் சென்ட்ரால் கல்லூரி மாணவர்கள் 1996-இல் தொடங்கிய முயற்சியில் பிறந்து, 2001-இல் எல்லார்க்கும் உரிய திறந்த மென்பொருளாக வெளியான வி.எல்.சி.யில் ஓட்டியபோதும் அவ்வாறே. இனி மூன்றாம் வினா. மூலப் பதிவில் இருந்துவிட்டால் என்ன செய்வது? கைகள் நடுங்க அந்த இடத்தைத் திறந்தோம். ஆயாம்மாவின் முகம் ஒரு கறையும் இன்றித் தெரிந்தது. எங்களுள் இருவர் அழுதேவிட்டனர்.

இக்குறை எப்படித் தோன்றுகிறது என்பதைச் சற்று விளக்க வேண்டும். எங்கள் படத்தின் ஒரு பிரேமில் 20,73,600 புள்ளிகள் உள்ளன. ஒரு புள்ளிக்கு மூன்று பைட் வீதம், விநாடிக்கு 30 பிரேம்களையும் அப்படியே எழுதினால் விநாடிக்கு ஏறத்தாழ 187 மெகாபைட் ஆகும். 24 நிமிடத்துக்கு 268 ஜிகாபைட்டைத் தாண்டும். அதை 1.8 ஜிகாபைட்டில் அடக்குவது எங்ஙனம்? வாசலில் நேற்றுப் போட்ட கோலத்தையே இன்றும் போடுகிறோம், ஓர் இதழ் மட்டும் கூடுதல் என்றால், “நேற்றுப் போலவே, வலப்பக்கம் ஓர் இதழ் சேர்” என்று சொன்னால் போதுமல்லவா? கோடெக்கும் அதையே செய்கிறது. எப்போதாவது ஒரு பிரேமை முழுதாக எழுதுகிறது. இடையில் உள்ளவற்றுக்கு மாற்றங்களை மட்டும் எழுதுகிறது. ஆகவே இடையில் ஒரு பிரேம் பழுதானால், அதை நம்பி எழுதப்பட்ட பின்னவை எல்லாம் பழுதாகின்றன. அடுத்த முழுப் பிரேம் வந்ததும் திரை தானே தெளிகிறது. நான்கு விநாடிக்குப் பின் கட்டங்கள் மறைந்ததன் மருமம் இதுவே.

மூலம் நலமாக இருக்கிறது. கோப்பில் குறை இருக்கிறது. ஆகவே சுருக்கி எழுதும் வேளையில்தான் பழுது நுழைந்திருக்க வேண்டும். அவ்வேலையைக் கணினி இரு வழிகளில் செய்யும். படங்களுக்கென்று உள்ள தனிச் சில்லிடம் ஒப்படைத்தால் விரைவாக முடியும். கணினியின் மையச் செயலியிடம் ஒப்படைத்தால் மெதுவாக முடியும். எங்கள் கணினி முதல் வழியில் சென்றது. மற்ற எதையும் தொடாமல், அந்த ஒன்றை மட்டும் மாற்றி, 14-ஆம் நிமிடத்தைச் சுற்றியுள்ள ஒரு நிமிடத்தை மட்டும் எக்ஸ்போர்ட் செய்து பார்த்தோம். கட்டங்கள் இல்லை! பழைய வழியில் மீண்டும் அதே நிமிடத்தைச் செய்தோம். கட்டங்கள் வந்தன. இப்படி இரு பக்கமும் சோதித்த பின்னரே காரணத்தை உறுதி செய்து குறிப்பேட்டில் எழுதினோம். முழுப் படத்தையும் மெதுவான வழியில் எக்ஸ்போர்ட் செய்ய இரண்டு மணி நேரம் ஆயிற்று. ஒருவரும் வீட்டுக்குச் செல்லவில்லை. அழைத்துச் செல்ல வந்த பெற்றோரும் வராந்தாவில் பொறுமையோடு அமர்ந்திருந்தனர். அவர்களுக்கு எங்கள் நன்றி உரியது.

கடைசித் தடை

அதன் பின்னும் ஒரு தடை. மண்டபத்தில் ஓட்டியபோது 19-ஆம் நிமிடத்தில் படம் உறைந்து நின்றது. கணினியில் அதே இடம் நன்றாக ஓடியது. இப்போது வினாக்கள் எங்களுக்குப் பழகிவிட்டன. கணினியில் உள்ள கோப்பும் பென்டிரைவில் உள்ள கோப்பும் உண்மையில் ஒன்றுதானா? இரண்டின் அளவும் ஒன்றே. ஆயினும் அளவு ஒத்திருப்பதால் உள்ளே இருப்பது ஒத்திருக்கும் என்று கூற முடியாது.

கோப்பின் கைரேகை போன்ற ஒன்றைக் கணக்கிட வழி உண்டு. எஸ்.ஹெச்.ஏ.-256 என்னும் அம்முறை, எவ்வளவு பெரிய கோப்பையும் 64 எழுத்துகளும் எண்களும் கொண்ட ஒரு வரியாகச் சுருக்கிக் காட்டும். கோப்பில் ஒரே ஒரு பிட் மாறினாலும் வரி முழுதும் வேறாகிவிடும். ஒருத்தி கணினித் திரையிலிருந்து ஒவ்வொன்றாக வாசிக்க, மற்றவர்கள் மன்றாட்டு மாலைக்குப் பதில் சொல்வது போல, தாளில் எழுதியதைப் பார்த்துப் பதிலுரைத்தோம். முதல் எழுத்திலேயே வேறுபாடு தெரிந்தது. பென்டிரைவுதான் பழுது. வேறொன்றில் படியெடுத்து, முறைப்படி விடுவித்து, மீண்டும் வாசித்தோம். 64-உம் ஒத்தன.

ஆண்டு விழாவுக்கு முந்திய நாள் மாலை, மண்டபத்தின் முதல் பெஞ்சில் ஆயாம்மாவும் அவருடைய அக்காவும் மட்டும் அமர்ந்தனர். நாங்கள் கதவோரம் நின்றோம். 14-ஆம் நிமிடம் வந்தது. மூதாட்டி கையை உயர்த்தினார். நாங்கள் படத்தை நிறுத்தினோம். மீண்டும் காட்டும்படி சைகை செய்தார். மூன்று முறை காட்டினோம். மூன்று முறையும் அவருடைய உதடுகள் தங்கையின் உதடுகளோடு சேர்ந்து அசைந்தன. பின் தங்கையின் கையை எடுத்துத் தம் மடியில் வைத்துக் கொண்டார். நாங்கள் கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்தோம். உள்ளே அவர்கள் பேசியது எங்களுக்குத் தெரியாது. தெரிய வேண்டியதும் அன்று. அரை மணி நேரம் கழித்து மூதாட்டி வெளியே வந்து, “காட்டுங்கம்மா, எல்லாருக்கும் காட்டுங்க” என்றார்.

தங்கையருக்குச் சில சொற்கள்

அடுத்த ஆண்டு படம் எடுக்கவிருக்கும் தங்கையரே! மூலப் பதிவுகளை ஒருபோதும் அழிக்காதீர்கள். இரண்டு வேறு இடங்களில் வைத்திருங்கள். பச்சைக் கட்டங்களின் அடியிலிருந்து ஆயாம்மாவின் முகத்தை எங்களுக்கு மீட்டுத் தந்தது மூலப் பதிவே. கைப்பேசிப் பதிவின் பிரேம் வேகத்தை எடிட்டிங்குக்கு முன் பாருங்கள். எக்ஸ்போர்ட் ஆன படத்தை, எந்தக் கருவியில் காட்டப் போகிறீர்களோ அதே கருவியில், முதல் விநாடியிலிருந்து கடைசி விநாடி வரை ஒரு முறை பாருங்கள். தொடக்கத்தையும் முடிவையும் மட்டும் பார்த்துத் திருப்தி அடைய வேண்டாம். குறை பெரும்பாலும் நடுவில் பதுங்கியிருக்கும்.

கோளாறு திரையில் தெரிகிறது என்பதால் திரையைப் பழிக்காதீர்கள். காரணம் கயிற்றில் இருக்கலாம், நாக்கில் இருக்கலாம், மணியிலும் இருக்கலாம். ஒவ்வொன்றாகப் பாருங்கள். குறையை மூடி மறைப்பதற்கு முன், மூடினால் யாருக்கு எது தெரியாமற் போகும் என்று ஒரு கணம் எண்ணுங்கள். மற்றவர்க்குச் சிறியதாகத் தோன்றும் நான்கு விநாடிகள் ஒருவருக்குப் படம் முழுவதுமாக இருக்கக் கூடும்.

எங்கள் குறிப்பேடு 41 பக்கங்கள் கொண்டது. கணினி அறையின் இடப்பக்க அலமாரியில், இரண்டாம் தட்டில் இருக்கிறது. எங்களுக்குத் தீராமல் நின்ற கோளாறு ஒன்றும் அதில் உண்டு: நாட்டியக் காட்சியின் அந்தச் சிறு குலுக்கல். அதைத் தீர்க்கும் தங்கை 42-ஆம் பக்கத்தில் எழுதுவாளாக.